தனியாக எழுதியவருக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பழைய புத்தகம் ஒன்றை வைத்துப் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றேன். முதல் வரியிலேயே பிழை. இணையக் குழுவில் தெரிந்தவர்களிடம் கேட்டால், "இதுகூடத் தெரியாதா? போய்ப் பால்மரம் வெட்டு" என்றார் ஒருவர். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் வெட்டியதுதான், அதில் என்ன கேவலம்?

நீங்கள் மட்டும் எனக்குத் தனியாகச் செய்தி எழுதினீர்கள். "தம்பி, பிழைச் செய்தியின் கடைசி வரியைப் படியுங்கள்." அடைப்புக்குறி இல்லை என்று அதிலேயே இருந்தது! புத்தகம் பைத்தான் 2 என்ற பழைய பதிப்புக்கானது, அதற்கான ஆதரவு 2020-லேயே நின்றுவிட்டது என்றீர்கள். அதோடு விடவில்லை. பிழைகளைக் கீழிருந்து மேலாகப் படிக்கவும் சொல்லிக்கொடுத்தீர்கள், இரவு ஒரு மணி வரை.

அண்ணனா அக்காவா, தெரியவில்லை. நான் எழுதிய நிரல் இப்போது அம்மாவின் ஒட்டுக்கடைக் கணக்கைக் கூட்டுகிறது. ரொம்ப நன்றிங்க.