சிமெண்ட் விலையும் போட்டிச் சட்டமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வீடு கட்டத் தொடங்கிய எவரும், கடையில் நான்கு பெயர்களில் அடுக்கப்பட்ட சிமெண்ட் மூட்டைகளின் விலை ஒரே வாரத்தில் ஏறுவதைக் கண்டிருப்பர். விலை ஒன்றுபோல ஏறுவது மட்டுமே குற்றமாகாது. நிறுவனங்கள் கூடிப் பேசி ஏற்றுவதையே 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் 3ஆம் பிரிவில் தடுக்கிறது.

அவ்வாறு கூட்டுச் சேர்ந்ததாக 11 சிமெண்ட் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2012 ஜூனில் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. இறுதி வாதங்களைக் கேளாத ஆணையத் தலைவர் உத்தரவில் கையெழுத்திட்டார் என்பதால் 2015இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. மறுவிசாரணைக்குப் பின் 2016இல் மீண்டும் விதிக்கப்பட்ட அபராதத்தைத் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2018இல் உறுதிசெய்ததும், வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

நடைமுறைப் பிழையால் இத்தனை ஆண்டுகள் வீணாவது வேதனையளிக்கிறது. அபராதமோ அரசுக் கருவூலத்துக்கே செல்லும். பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோரப் போட்டிச் சட்டத்தின் 53என் (53N) பிரிவு வழிசெய்தாலும், மூட்டைக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுத்த கொத்தனாரும் சிறு ஒப்பந்ததாரரும் தனியாக வழக்காட இயலுமா? நுகர்வோர் அமைப்புகள் அவர்கள் சார்பில் ஒன்றுதிரண்டு இப்பிரிவைப் பயன்படுத்த முன்வர வேண்டும். மேல்முறையீடுகளுக்குக் காலவரம்பையும் அரசு கண்டிப்பாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி