வயல் வருத்தங்களுக்காக யார் கடிதம் எழுதுவது?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழகப் பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் வருகிற செய்திகளைப் பார்த்தால் பெரும்பாலும் இரத்ததானம், சிரமதானம், இல்லாவிட்டால் பகிஷ்கரிப்பு. குறை சொல்லவில்லை. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நானும் மூன்றிலும் நின்றவன்தான். ஆனால் பல்கலைக்கழகத்தால் மட்டும் செய்யக்கூடிய ஒரு வேலை இங்கே யாரும் தொடாமல் கிடக்கிறது: வயலில் நிற்கிறவர்களுக்கு வருகிற, யாரும் கவனிக்காத வருத்தங்களைக் கணக்கெடுத்து அவற்றுக்காகக் குரல் கொடுப்பது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் மாமா படுவான்கரையில் நாலு ஏக்கர் செய்தவர். சில வருடங்களுக்கு முன் மாரி மழையில் வக்கடை (வரப்பில் தண்ணீர் போகிற வாய்) கட்டப் போய் வந்த கையோடு காய்ச்சல். சீனி வருத்தம் (நீரிழிவு) ஏற்கெனவே இருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது, நெஞ்சுப் படத்தில் ஏதோ நிழல் தெரிகிறது என்றார்கள், காசநோய்க்கு மருந்து தொடங்கினார்கள், மனிசன் அதை மாதக்கணக்கில் ஒழுங்காகக் குடித்தும் மெலிந்துகொண்டே போனார். கடைசியில் வேறொரு இடத்தில் ஒரு இளம் வைத்தியர் இரத்தத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கு, அனுப்பிப் பார்த்துத்தான் வருத்தத்தின் பெயரைச் சொன்னார்: மெலியோய்டோசிஸ். இரண்டு கிழமைக்கு மேல் நாளத்தில் ஊசி, அப்புறம் மாதக்கணக்கில் குளிசை. தப்பிவிட்டார். வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்.

இந்தக் கிருமி மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் இருக்கிறது. காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகப் போகும், பலத்த மழைக் காலத்தில் மூச்சோடும் போகும். சீனி வருத்தக்காரரை அதிகமாகப் பிடிக்கும். பார்வைக்குக் காசநோய் மாதிரியும் இருக்கும், சாதாரண நிமோனியா மாதிரியும் இருக்கும், கல்ச்சர் செய்தாலும் தெரியாதவர் கண்ணில் பட்டால் வேறு கிருமி என்று ஒதுக்கிவிட வாய்ப்புண்டு. மழை, சேறு, வெறுங்கால், சீனி வருத்தம் இந்த நாலும் ஒன்றாகச் சேர்ந்த இடம் எது என்று மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உலகம் முழுக்க வருடத்துக்கு ஏறக்குறைய 1,65,000 பேருக்கு வருகிறது, அதில் 89,000 பேர் சாகிறார்கள் என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இவ்வளவு இருந்தும், உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில், 2023 டிசம்பரில் அது புதுப்பிக்கப்பட்டபோதும், இந்தப் பெயர் ஏறவில்லை. புறக்கணிக்கப்பட்டவற்றின் பட்டியலே இதைப் புறக்கணித்திருக்கிறது!

பட்டியல் என்ன பெரிய பட்டியல் என்று கேட்கலாம். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள், அமைச்சுகளும் அதைப் பார்த்துத்தான் திட்டம் போடுகின்றன. 2023 டிசம்பரில் அதில் ஏறியது நோமா, ஏழைக் குழந்தைகளின் வாயையும் முகத்தையும் அரித்துவிடுகிற நோய். அது தானாக ஏறவில்லை. நைஜீரியா முன்னின்று, வேறு பல நாடுகளின் ஆதரவையும் திரட்டிக்கொண்டு, ஆதாரக் கோப்போடு போய்க் கேட்டது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பாம்புக்கடி. புடையன் கடித்து ஆளை இழந்த குடும்பம் இல்லாத வயல் கிராமம் இங்கே இருக்கிறதா? 2017இல்தான் பாம்புக்கடி அந்தப் பட்டியலில் உரிய இடத்துக்கு வந்தது, அடுத்த வருடம் மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை தனியாகத் தீர்மானமே போட்டது. அதற்குப் பின்னால் இருந்த கணக்குகளில் முக்கியமான ஒன்று நம் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருந்து போனது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? உலகம் முழுக்கப் பாம்புக்கடியால் எத்தனை பேர் பாதிக்கப்படுகிறார்கள் என்று 2008இல் மதிப்பிட்டு எழுதிய குழுவின் தலைமை களனிப் பல்கலைக்கழகத்தினுடையது. பிறகு இலங்கையில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு 2016இல் வெளியானது: ஒரு வருடத்தில் 80,000க்கு மேற்பட்ட கடிகள், 460க்கு மேற்பட்ட மரணங்கள். வைத்தியசாலைப் பதிவேட்டை மட்டும் பார்த்திருந்தால் இந்த எண் கிடைத்திருக்காது, விசக்கடி வைத்தியரிடம் போனவர்கள் அதில் இல்லையே. ஜெனீவாவில் குரல் கொடுத்த நாடுகளில் ஒன்றான கொஸ்டாரிக்காவில், பாம்புக்கடி மருந்து செய்கிற நிறுவனமே அரசுப் பல்கலைக்கழகத்துக்குள்தான் இருக்கிறது. நாமோ இன்னும் இந்தியப் பாம்பின் விசத்தை வைத்துச் செய்த மருந்தைத்தான் இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

இது மருத்துவ பீடத்தின் வேலை என்று மற்றப் பீடத்து ஆட்கள் ஒதுங்குவதுதான் எனக்குப் பிடிக்காத இடம். 2001இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் என்ன நடந்தது? ஸ்டாவுடின் என்ற எய்ட்ஸ் மருந்தின் காப்புரிமை அந்தப் பல்கலைக்கழகத்திடம், விற்கும் உரிமை ஒரு பெரிய மருந்துக் கம்பெனியிடம், தென்னாபிரிக்க நோயாளிக்கோ அந்த விலை கனவில்கூட எட்டாது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பல்கலைக்கழகத்துக்கே கடிதம் போட்டது. உள்ளே அதைத் தூக்கிப் பிடித்தவர்கள் சட்டம் படித்த மாணவர்கள். அந்த மருந்தைக் கண்டவர்களில் ஒருவரான பேராசிரியர் வில்லியம் புருசோஃபும் வெளிப்படையாக அவர்கள் பக்கம் நின்றார். கம்பெனி இறங்கி வந்தது, விலை சரிந்தது, அத்தியாவசிய மருந்துகளுக்காகப் பல நாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் சேர்ந்த ஒரு அமைப்பும் அதிலிருந்து பிறந்தது. பேராசிரியர் ஒருவர் மருந்துக் கம்பெனிகளோடு மோதுவது நமக்கொன்றும் புதிதில்லை, சேனக பிபிலேயின் நாடு இது, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானதே அவருடைய முயற்சியில்தான்.

சரி, இங்கே என்ன செய்யலாம்? வந்தாறுமூலையும் அதன் மட்டக்களப்பு சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடமும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு குழு. பெரிய பெயர், பதாகை, அங்குரார்ப்பண விழா, பொன்னாடை எதுவும் வேண்டாம், தயவுசெய்து. மாதத்தில் ஒரு பின்னேரம் போதும். புவியியல் படிக்கிற பிள்ளை எந்த வயற்கண்டத்தில் எந்த மழைக்குப் பிறகு காய்ச்சல் வந்தது என்று வரைபடம் போடட்டும். விவசாய பீடத்துப் பிள்ளைக்குக் கமக்காரர் அமைப்புகளோடு பழக்கம் இருக்கும். சிங்களப் பிள்ளைகள் இரண்டு பல்கலைக்கழகத்திலும் படிக்கிறார்கள், அம்பாறைச் சிங்களக் கமக்காரனுக்கும் இதே சேறுதான், கொழும்பு அமைச்சுக்குப் போகிற கடிதத்தை அவர்கள் எழுதினால் பதில் வரும் வேகமே வேறு. கேட்கிற விசயமும் ஒன்றாக இருக்க வேண்டும்: மெலியோய்டோசிஸைப் பட்டியலில் ஏற்றும்படி இலங்கை கேட்கட்டும், இதே வருத்தம் உள்ள தாய்லாந்தையும் அவுஸ்திரேலியாவையும் கூடக் கூப்பிடட்டும். பத்துக் கோரிக்கை வைத்தால் அமைச்சில் பத்தையும் ஒரே கோப்பில் போட்டுக் கட்டிவிடுவார்கள்.

விரிவுரையாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாணவன் நாலு வருடத்தில் போய்விடுவான், நீங்கள்தான் இருப்பீர்கள். எங்கள் காலத்தில் தொடங்கிய இரண்டு சங்கங்கள் எங்கள் தொகுதி வெளியேறியதோடு செத்தே போயின, கோப்புகள் எங்கே என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. ஆளைக் கூட்டி நடத்துவது பிள்ளைகள் செய்வார்கள். கோப்பைப் பாதுகாத்து, அமைச்சிலிருந்து பதில் வராவிட்டால் மூன்றாம் கடிதமும் நாலாம் கடிதமும் போட ஓர் ஆள் வேண்டும். பதவி உயர்வுக்கு இது புள்ளி தராது என்பது தெரிந்துதான் கேட்கிறேன்.

பெரும்போக விதைப்புக்கு முன் யாராவது ஒரு விரிவுரையாளர் கை தூக்கினால், படுவான்கரையில் கூட்டம் வைக்க இடமும் கமக்காரர்களும் என் பொறுப்பு. மாமாவின் கிளினிக் கொப்பி இன்னும் மாமியின் அலுமாரியில் இருக்கிறது. கணக்கெடுப்புக்குத் தரலாமா என்று போன ஞாயிறு கேட்டேன். “கொண்டு போ, ஆனா திருப்பித் தந்திரோணும்” என்றார்.

இப்படிக்கு,
பெயர் போட விரும்பாத ஒரு பள்ளிக்கூட வாத்தியார்,
படுவான்கரை, மட்டக்களப்பு.