அண்ணனோ அக்காவோ, உங்களுக்கு நன்றி

எங்கள் ஊர்ப் பள்ளி ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டே பேர். அதில் தலைமை ஆசிரியை பாதி நாள் கூட்டம், கணக்கு என்று அலைவார். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் என் மகள் எழுத்துக்கூட்டித்தான் படித்தாள்.

அப்புறம்தான் நீங்கள் வந்தீர்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கில், யார் போட்டது என்றே தெரியாமல், மாதா மாதம் பணம் விழுந்தது. பி.எட். முடித்த பக்கத்து ஊர்ப் பெண்ணைத் தற்காலிக ஆசிரியையாக வைத்தோம். கட்டடம் கட்டிக் கல்வெட்டு வைப்பவர்கள் உண்டு. சம்பளத்துக்குக் கொடுப்பவர் அபூர்வம். அதில் பேர் பொறிக்க இடமில்லையே!

நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958-இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பெஞ்சும் மணியும் கொடுத்த கதையைத் தாத்தா சொல்வார். எங்கள் பள்ளி மணியும் அப்படி வந்ததுதான். யார் கொடுத்தது என்று அவருக்கும் தெரியாது.

வங்கியில் உங்களைப் பற்றிக் கேட்டேன், சொல்லவில்லை. சரி, இருக்கட்டும். நேற்று ரேஷன் கடையில் “துவரம் பருப்பு இருப்பு இல்லை” என்ற பலகையை மகள் தடுமாறாமல், சத்தமாக வாசித்தாள். பருப்பு கிடைக்காத வரிசையே சிரித்தது. உங்களிடம் சொல்லவேண்டும் போலிருந்தது.