பதினாறாம் நெடுஞ்சாலை

அன்புள்ள சுமதி,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை, திட்டிவிட்டு மேலே படி. அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? கோமதி அந்த மஞ்சள் குடையை இன்னும் தரவில்லையென்றால் நேரிலேயே போய்க் கேள். இங்கே எல்லோரும் நலம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நானும் மகளும் இங்கே கனடாவின் மேற்கில் பிரின்ஸ் ஜார்ஜிலிருந்து பிரின்ஸ் ரூபர்ட்வரை காரில் போனோம். எழுநூறு கிலோமீட்டருக்கு மேல், காடும் ஆறும் மலையும், நடுவில் வெகுதூரத்துக்குப் பல வருஷமாக போனில் சிக்னலே இல்லாமல் இருந்த சாலை. அந்தப் பதினாறாம் நெடுஞ்சாலையைத்தான் கண்ணீர் நெடுஞ்சாலை என்கிறார்கள். எத்தனையோ வருஷமாக அங்கே பெண்கள் காணாமல் போகிறார்கள், கொல்லப்படுகிறார்கள், பாதிக்கு மேல் பூர்வகுடிப் பெண்கள். ஊருக்கு ஊர் போக அப்போது ஒழுங்கான பஸ் கிடையாது, டாக்டரைப் பார்க்கவும் வேலைக்கும் போக, கார் இல்லாதவர்கள் சாலையோரம் நின்று லிஃப்ட் கேட்டார்கள், அவ்வளவுதான் சுமதி.

2006ல் அந்தப் பெண்களின் குடும்பத்தாரெல்லாம் பிரின்ஸ் ஜார்ஜில் கூடி 33 பரிந்துரைகள் வைத்தார்கள், அதில் ஒன்று பஸ். 2012ல், காணாமல் போன பெண்களைப் பற்றி அந்த மாகாணத்தில் விசாரித்த வாலி ஓப்பல் ஆணையமும் அவசரம் என்று சொல்லி அதையே கேட்டது. பஸ் வந்தது 2017ல். பதினோரு வருஷம்! ஒரு பஸ்ஸுக்கு!

அப்புறம் 2016ல், நாடு முழுக்கக் காணாமல் போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களைப் பற்றித் தேசிய விசாரணை தொடங்கியது, மரியன் புல்லர் தலைமையில். அக்காவை, மகளை இழந்தவர்கள் ஊர் ஊராக வந்து எல்லார் முன்னாலும் உட்கார்ந்து பேசினார்கள். 2019 ஜூனில் வந்த அறிக்கை, நடந்தது இனப்படுகொலை என்றே எழுதியது. 231 'நீதிக்கான அழைப்புகள்', இவை வெறும் பரிந்துரை அல்ல, நிறைவேற்றியே ஆகவேண்டிய கடமை என்றும் சொன்னது. பஸ் கதையைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்த வரி ஏன் வேண்டியிருந்தது என்று புரிகிறது. ஆனாலும் 231ல் எத்தனைக்கு இன்னும் பதினோரு வருஷம் ஆகும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

வழியில் ஒரு நிறுத்தத்தில் இறங்கி மகள் நேர அட்டவணையைப் படித்தாள். வாரத்தில் சில நாள்தான் ஓடுகிறதாம். "மற்ற நாள் என்ன பண்ணுவாங்கம்மா?" என்றாள். நாம் டியூஷன் முடிந்து கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ராத்திரியைச் சொன்னேன், லாரிக்காரர் ஒருவர் நம்மை வாசல்வரை கொண்டுவந்து விட்டாரே, உங்கப்பா அவருக்குச் சோறு போட்டாரே, அது.

அவர் பேர் என்னவென்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது.

உன்,
வசந்தி