சனிக்கிழமை சா கலோப்ரா ஏற்றம்: எல்லோரும் படித்துவிட்டுப் பதில் போடவும்

வணக்கம் நண்பர்களே. ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் நம் சைக்கிள் பயணத்தில் அதிகம் காத்திருந்த நாள் இது: சா கலோப்ரா மலைச்சாலையில் ஏறும் நாள்.

ஏப்ரல் 18, சனி. காலை 7.30க்கு போர்ட் டி பொலென்சா விடுதி வாசலில் கிளம்புகிறோம். சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்குள் இறங்கி ஏறிவிட வேண்டும். போன தடவை ஒரு வளைவில் பேருந்து முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டு திரும்பியது. அதன் கண்ணாடிக்கும் என் கைப்பிடிக்கும் ஒரு முழம்தான் இடைவெளி.

1. இங்கே முதலில் இறக்கம், அப்புறம்தான் ஏற்றம். அதே சாலையில் திரும்ப வேண்டும். சுமார் 9.5 கி.மீ., சராசரிச் சரிவு 7 சதவீதம். கீழே தெம்பை மிச்சம் வையுங்கள்.
2. இறங்கும்போது பிரேக்கை விடாமல் அழுத்தாதீர்கள், சூடேறும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வலது ஓரம்தான் நம் பக்கம், மறக்க வேண்டாம்.
3. பின் சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் 30 பல்லாவது இருக்கட்டும், ஏற்றத்தில் மிதிக்க எளிது.
4. தலைக்கவசம், முன் பின் விளக்கு கட்டாயம். காற்றுத்தடுப்புச் சட்டையும் வேண்டும். வியர்வையோடு இறங்கினால் நடுங்கிப்போவீர்கள்.
5. இறக்கம் முடியும் இடத்தில், கீழே உள்ள துறைமுகத்தில் தண்ணீர் நிரப்பிய பிறகே ஏறவும்.

சாலை தன்னடியிலேயே நுழைந்து சுற்றும் 'டை முடிச்சு' வளைவில் எல்லோரும் நின்று படம் எடுப்போம். பொறியாளர் அந்தோனியோ பாரியெட்டி வடிவமைத்து, 1932இல் கட்டப்பட்ட சாலை. நின்று பார்க்க வேண்டிய இடம்.

வியாழன் இரவு 9 மணிக்குள் 'வருகிறேன்' அல்லது 'இல்லை' என்று எழுதுங்கள். முட்டி வலி இருப்பவர்கள் தனியாகச் சொல்லுங்கள், மேலேயே காத்திருக்கத் துணைக்கு ஆள் வைக்கிறேன்.