இறங்க வழியில்லாத குளத்தில் ஒரு நீர்ச் சிகிச்சை மாநாடு

மதிப்பிற்குரிய மாநாட்டு அமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதியில் நீங்கள் நடத்திய நீர்ச் சிகிச்சை (வெதுவெதுப்பான குளத்து நீரில் பயிற்சி தரும் இயன்முறை சிகிச்சை) மாநாட்டின் இரண்டாம் நாள் காலை, குளத்தருகே நடந்ததை விளக்கி உங்களுக்கு எழுதியிருந்தேன். "குளம் விடுதி நிர்வாகத்தின் பொறுப்பு, புகாரை அவர்களிடம் தெரிவிக்கவும்" என்று பதில் அனுப்பியிருக்கிறீர்கள். பதில் அனுப்பியதற்கு நன்றி. அந்தப் பதிலால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. சக்கர நாற்காலியில் வருபவர் தண்ணீரில் இறங்கவும் ஏறவும் வழியுள்ள இடத்தில் அடுத்த மாநாட்டை நடத்துங்கள்.

செய்முறை விளக்கத்துக்கு நோயாளிகளை அழைத்து வரலாம் என்று அறிவித்தவர்கள் நீங்கள்தான். அதை நம்பித்தான் என்னிடம் சிகிச்சை பெறும் ஒருவரைத் தென்மாவட்டத்திலிருந்து ரயிலில் கூட்டி வந்தேன். பனையேறும்போது விழுந்து தண்டுவடம் பாதிக்கப்பட்டவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. பதிவுப் படிவத்திலேயே சக்கர நாற்காலி என்று தெளிவாகக் குறிப்பிட்டிருந்தேன். வந்து பார்த்தால், அந்த அழகான குளத்தில் இறங்க இருந்தது செங்குத்தான ஒரு எஃகு ஏணி மட்டுமே. சரிவுப் பாதை இல்லை, தூக்கிக் கருவி இல்லை, கைப்பிடியோடு ஒரு படிக்கட்டுகூட இல்லை.

உடனே உங்களில் ஒருவர் விடுதிப் பையன்கள் நான்கு பேரைக் கூப்பிட்டார். கழுத்தளவு நீரில் நிற்பவரின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் காலுக்கு வரும் என்று முந்தின நாள் திரையில் படம் போட்டுக் காட்டினீர்கள். அது தண்ணீருக்குள் போன பிறகு. கரையில் அவருடைய முழு எடையும் அந்த நான்கு பேரின் கைகளில் இருந்தது. பாவம், அந்தப் பிள்ளைகளுக்கு ஒருவரை எங்கே பிடித்துத் தூக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நான் குறுக்கே போய்ப் பிடிப்பதற்குள், குளத்தின் சொரசொரப்பான கல் விளிம்பில் அவரை உட்கார வைத்து, அப்படியே இழுத்து உள்ளே இறக்கினார்கள். சுற்றிலும் கைப்பேசிகள் உயர்ந்தன. கைதட்டல் வேறு.

அவருக்கு வலிக்கவில்லை, வலிக்கவும் செய்யாது. அன்று இரவு அறையில் உடை மாற்றும்போதுதான் பிட்டத்தில் தோல் உரிந்திருப்பதைப் பார்த்தோம். உணர்ச்சியற்ற தோலில் ஒரு சிராய்ப்பு என்னவாகும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊர் திரும்புவதற்குள் அது புண்ணாகிவிட்டது. இப்போது அவர் குப்புறவும் ஒருக்களித்தும் மட்டுமே படுக்கிறார். நாற்காலியில் உட்காரக் கூடாது. திறந்த புண் இருப்பதால் தண்ணீரிலும் இறங்கக் கூடாது. நீர்ச் சிகிச்சையைக் காட்ட வந்தவருக்கு நீர்ச் சிகிச்சை நின்றுபோனது. விளிம்பில் ஒரு தடித்த நுரைமெத்தையை விரித்திருந்தால் போதும், இது நடந்திருக்காது.

அன்று காட்டப்பட்டது, உடல் ஊனமுற்றவர்களுக்குத் தண்ணீரில் சமநிலையும் நீச்சலும் கற்றுத்தரும் ஹாலிவிக் முறை. நீரின் இயக்கவியல் தெரிந்த பொறியாளரான ஜேம்ஸ் மக்மில்லன் 1949-இல் லண்டனில், உடல் ஊனமுற்ற சிறுமிகளின் பள்ளி ஒன்றில் தொடங்கியது. அதில் தண்ணீரில் இறங்குவதும் ஏறுவதும் பாடத்தின் பகுதி. நாமோ அந்தப் பகுதியை நான்கு விடுதி ஊழியர்களிடம் ஒப்படைத்தோம்.

ஆதாரம், ஆதாரம் என்று மூன்று நாளும் பேசினோமே, அதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு, இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு நீர்ப் பயிற்சி பற்றி 2016-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் 13 ஆய்வுகள், 1190 பேர். பலன் சிறியது, குறுகிய காலத்துக்கானது, ஆனாலும் உண்டு. பக்கவாதத்துக்கான அவர்களின் 2011 தொகுப்பாய்வில் இருந்தவை வெறும் 4 ஆய்வுகள், 94 பேர். தண்டுவடப் பாதிப்புக்கு நல்ல ஆய்வுகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏன் என்று அரங்கில் ஒருவர் கேட்டார். நிதியில்லை என்றார்கள். இருக்கலாம். என்னைக் கேட்டால், குளத்தில் இறங்க முடிந்தவர்தானே ஆய்வில் சேர முடியும்? ஏணியில் இறங்கத் தெரிந்தவர்களை வைத்துச் சேர்த்த ஆதாரத்தை, ஏணியில் இறங்க முடியாதவர்களுக்கு எப்படிப் பொருத்துவது? வெப்பநிலையையும் விட்டுவிட முடியாது. ஏறத்தாழ 33 முதல் 35 டிகிரி வேண்டும் என்று நாமே பாடம் நடத்துகிறோம். சனவரி மாதக் காலையில் அந்தத் திறந்தவெளிக் குளத்தை அளக்க ஒரு வெப்பமானிகூட அங்கே இல்லை. குளிர்ந்த நீரில் அவர் கால்கள் விறைத்து வெட்டி இழுத்ததையும் பாடமாகப் படம் பிடித்துக்கொண்டார்கள்.

பொன்னாடைகள் தரமானவை. நினைவுப் பரிசு கனமானது. பின்னூட்டப் படிவத்தில் உணவு எப்படி, ஒலி எப்படி, குளிர்சாதனம் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். குளம் எப்படி என்று கேட்கவில்லை. சென்னை மாநகராட்சி 2022-இல் மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் அலையருகே போக மரப்பாதை போட்டது. அடுத்த சில நாட்களில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. மறுபடியும் சரிசெய்தார்கள். புயலடிக்கும் கடலுக்கே பாதை போட முடிகிற ஊரில், நட்சத்திர விடுதிக் குளத்துக்கு ஒரு சரிவுப் பாதை கேட்பது பேராசையா? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-இல். விடுதிக்காரருக்கு அது தெரியாமல் இருக்கலாம். நமக்குமா?

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. வெளிநாட்டு வல்லுநர்களை நேரில் பார்க்க என் போன்ற சிற்றூர்க்காரர்களுக்கு வேறு வாய்ப்பு ஏது? அதனால்தான் பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். இறங்க வழியுள்ள குளத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால், நேரடி விளக்கத்தை விட்டுவிட்டுக் காணொளி காட்டுங்கள். யாருடைய தோலும் உரியாது.

அடுத்த மாநாட்டுக்கு இடம் பார்த்துக்கொண்டிருப்பதாக அறிந்தேன். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் சக்கர நாற்காலி பயன்படுத்தும் இருவரை அழைத்துப் போய்க் குளத்தைக் காட்டுங்கள். அவர்கள் சரி என்ற பிறகு கையெழுத்திடுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், பஸ் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
தென்மாவட்ட இயன்முறை மருத்துவர் ஒருவர்