நாலு ட்ராக்கில் சிக்கிக்கொண்ட முதல் இசைத்தட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கனடாக் கவிஞர் லெனர்ட் கோஹன் பாடகரான கதையைச் சென்ற இதழில் படித்தோம். கவிதைகளைப் பற்றிச் சொன்னதில் குறை காண ஒன்றுமில்லை. ஒலிப்பதிவுப் பக்கம் வந்ததும் கட்டுரை சறுக்குகிறது. கோஹனின் முதல் பாட்டுத் தட்டான ‘சாங்ஸ் ஆஃப் லெனர்ட் கோஹ’னில், தயாரிப்பாளர் ஜான் சைமன் நல்ல பாட்டுகளின் மேல் வாத்தியங்களைக் கொட்டிக் கெடுத்தார் என்பது பல காலமாகச் சுற்றிவரும் தீர்ப்பு. கட்டுரையாளரும் அதையே வழிமொழிந்துவிட்டார்.

முதலில் ஆண்டுக்கணக்கு. கோஹன் குரல் முதலில் இசைத்தட்டில் ஏறியது அவர் பாடகரானபோது அல்ல, அதற்கும் முன்பே 1957இல். ஃபோக்வேஸ் இசைத்தட்டு நிறுவனம் கனடாவின் மாண்ட்ரியல் நகரக் கவிஞர்கள் ஆறு பேரை வாசிக்கவைத்து வெளியிட்ட தட்டு அது. 1956இல் வந்த தம் முதல் தொகுப்பிலிருந்து எட்டுக் கவிதைகளை அதில் அவர் படித்திருக்கிறார். அதைக் கேட்டால் ஒன்று புரியும்: வரியின் கடைசிச் சொல்லைத் தணித்து இறக்கும் வழக்கம் பாட வந்தபின் ஒட்டிக்கொண்டதல்ல. ‘சுசான்’ பாட்டையும் முதலில் தட்டில் கொண்டுவந்தவர் அவரல்ல. 1966இல் பாடகி ஜூடி காலின்ஸ் பாடிவிட்டார். கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் கதவு கோஹனுக்குத் திறக்க அந்தப் பதிவு பெரிதும் உதவியது.

இனி விஷயத்துக்கு வருகிறோம். அமெரிக்கப் பாடகர் பாப் டிலனைக் கொலம்பியாவுக்குக் கொண்டுவந்த ஜான் ஹேமண்டுதான் கோஹனையும் ஒப்பந்தம் செய்தார். 1967 மே மாதம் நியூயார்க்கில் பதிவு தொடங்கியது. வீட்டில் கண்ணாடி முன் உட்கார்ந்து பழகியவர் என்பதால் ஸ்டூடியோவிலும் ஆளுயரக் கண்ணாடி கேட்டு வாங்கினார். இதைக் கிறுக்குத்தனம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் குரலும் கிட்டாரும் இவருக்கு ஒரே உடம்பு. கட்டைவிரல் கீழ்த்தந்தியைப் பிடித்து நிற்க, மற்ற விரல்கள் நைலான் தந்திகளில் ஓயாமல் உருட்டும். சொல் இழுத்தால் உருட்டலும் கூடவே இழுபடும். மாண்ட்ரியலில் ஸ்பானிய இளைஞர் ஒருவரிடம் மூன்றே மூன்று பாடம்தான் கற்றதாக 2011இல் ஸ்பெயினில் விருது பெற்றபோது அவரே சொன்னார்.

இப்படிப் பாடுகிறவரைப் பிரித்துப் பதிய முடியாது. கிட்டாரைத் தனியாக வாசிக்கச் சொல்லிப் பிறகு குரலை ஏற்றினால் இரண்டும் பொருந்தாது. சேர்த்துப் பதிந்தால் குரல் மைக்கில் கிட்டாரும் கிட்டார் மைக்கில் குரலும் கசியும். பிறகு ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடும். மேலே டிரம்ஸ் ஏற்றுவது இன்னும் சிக்கல். டிரம்ஸ் தாளகாலத்தைக் கட்டிப் பிடிக்கும், கோஹன் காலத்தை நெகிழ்த்துவார்.

ஹேமண்ட் விலகியபின் வந்த சைமன் ‘சுசான்’ பாட்டுக்குப் பியானோவும் டிரம்ஸும் வேண்டுமென்றார். கோஹன் மறுத்தார். வாத்தியத்துக்குப் பதிலாகப் பெண் குரலைப் பின்னால் மிதக்கவிட்டது சைமன் செய்த ஏற்பாடு. பாடகி நான்சி பிரிடியின் குரல் அது. கோஹனின் பிற்காலக் கச்சேரிகளில் பெண் குரல்கள் இல்லாத மேடை அபூர்வம். கெடுத்தவர் என்று சைமனைத் திட்டுகிறவர்கள் இந்த வரவைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பிறகு கோஹன் தாமே, பதிந்த ஒலிகளைக் கலந்து சரிசெய்யும் மிக்ஸிங்கில் உட்கார்ந்து, மேலே ஏற்றியதில் பிடிக்காத வாத்தியப் பூச்சுகளை எடுக்கப் பார்த்தார். மூல டேப்பில் இருந்தது நாலே ட்ராக், அதாவது ஒலியைத் தனித்தனியாகப் பதியும் நாலு தடங்கள். அந்தக் கால முறையில் நாலும் நிறைந்தால், மூன்றைக் கலந்து ஒன்றாக்கிக் காலியான இடத்தில் புதியதைப் பதிவார்கள். கலந்தது கலந்ததுதான்; சாம்பாரில் கரைந்த புளியைத் திரும்ப எடுக்க முடியாது. ஒரே ட்ராக்கில் இருப்பவற்றில் ஒன்றைக் குறைத்தால் கூட இருப்பதும் குறைந்துவிடும். அதனால் சில பூச்சுகள் அப்படியே நின்றுவிட்டன. பாட்டும் வாத்திய அமைப்பும் ஒன்றையொன்று விரும்பினாலும் குலப்பகையால் மணம் முடிக்க முடியவில்லை என்ற பொருளில், தட்டோடு தந்த பாடல்தாளில் கோஹனே கிண்டலாக எழுதிவைத்தார்.

டிரம்ஸ் அவர் காலத்தைக் கட்டிவிடும் என்பதில் சந்தேகமிருப்பவர்கள் இந்த இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்துக் கேளுங்கள். ‘ஸோ லாங், மரியான்’ டிரம்ஸோடு நிமிர்ந்து நடக்கிறது. ‘தி ஸ்ட்ரேஞ்சர் சாங்’ வெறும் குரலும் கிட்டாரும். 1971இல் இயக்குநர் ராபர்ட் ஆல்ட்மன் தம் படத்துக்கு இந்தத் தட்டிலிருந்து எடுத்த மூன்றில் ‘ஸ்ட்ரேஞ்சர்’ ஒன்று, ‘மரியான்’ இல்லை.

கெலைடாஸ்கோப் என்ற இசைக்குழுவினரும் இந்த முதல் தட்டில் வாசித்திருக்கிறார்கள். கோஹனே அழைத்துவந்தவர்கள், உறையில் பெயர் போடவில்லை. அந்தக் கால வழக்கமோ என்னவோ, நியாயமில்லை.

இரண்டாம் தட்டை அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் தயாரிப்பாளர் பாப் ஜான்ஸ்டன் பதிந்தார். 1969 ஏப்ரலில் வந்தது. ஆட்கள் குறைவு, டிரம்ஸ் அநேகமாகக் கிடையாது. இடையிடையே ஜ்யூஸ் ஹார்ப் ரீங்கரிக்கும். நம் மோர்சிங்குக்குப் பங்காளி அது. முதல் தட்டு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 13ஆம் இடத்தோடு நின்றது, இது 2ஆம் இடம்வரை ஏறியது.

கடைசியாக இரு திருத்தங்கள். முதல் தட்டு வெளியானது 1967 டிசம்பர் 27. 1968 என்று அச்சிட்டிருக்கிறீர்கள். முன்னட்டைப் படத்தை ஸ்டூடியோ புகைப்படம் என்று குறித்திருப்பதும் சரியல்ல; காசு போட்டால் நாமே எடுத்துக்கொள்ளும் தானியங்கிப் பெட்டியில் எடுத்த படம் அது.

இப்படிக்கு,
இசைத்தட்டு சேகரிக்கும் வாசகர்கள் சிலர்,
திருச்சி.